கணித மேதை ஆபிரகாம் வால்ட்

நம் கல்லூரியிற் பயில்வோருள் பெரம்பலூர், அரியலூர் ஆகிய ஊர்களையும் அவற்றைச் சூழ்ந்த சிற்றூர்களையும் சேர்ந்தவர் பலர். அவர்தம் இல்லங்களில் முதியோர் 1956 ஆம் ஆண்டு நவம்பர் 23 ஆம் நாளைப்பற்றிப் பேசுவதைக் கேட்டிருப்பர். அன்று விடியற்காலையில், பெருமழையால் மருதையாறு பெருக்கெடுத்தோட, சென்னையினின்று தூத்துக்குடி நோக்கிச் சென்ற புகைவண்டி அரியலூரை அடுத்து ஆற்றினுள் வீழ்ந்தது. நூற்று நாற்பதின்மருக்கு மேற்பட்டோர் மாண்டனர். அக்காலத்தில் இரயில்வே மந்திரியாயிருந்த லால் பகதூர் சாஸ்திரியார் அதன் பொறுப்பைத் தாமே ஏற்றுப் பதவி துறந்தார். எவ்வளவோ கொடிய விபத்தாயினும், பின்பெட்டிகளில் இருந்தோர் பிழைத்தனர். தாம் கண்டதையும் கேட்டதையும் கூறினர். ஆறும் பாலமும் அங்கேயே இருந்தன. காரணம் தேடியவர்களுக்குக் கேட்பதற்கு ஆட்களும் பார்ப்பதற்கு இடமும் கிடைத்தன.

அதற்கு ஆறாண்டுகட்கு முன், நம் நாட்டின் மேற்கெல்லையாகிய நீலகிரியில் நிகழ்ந்த மற்றொரு விபத்தில் அவ்வாறு கூறுதற்கு ஒருவரும் எஞ்சவில்லை. 1950 டிசம்பர் 13 ஆம் நாள், ஏர் இந்தியாவுக்குரிய டக்கோட்டா விமானம் ஒன்று கோத்தகிரிப் பக்கத்து மலையில் மோதிற்று. அதிலிருந்த இருபத்தொருவரும் இறந்தனர். இறந்தோருள் ஒருவர் அமெரிக்காவினின்று வந்திருந்த கணிதப் பேராசிரியர்; அவர் மனைவியாரும் உடனிருந்தார். திரும்பி வாராத விமானங்களிலிருந்து உண்மையை எங்ஙனம் அறிவது என்னும் கேள்விக்குக் கணித வழியில் விடை கண்டவர் அப்பேராசிரியரே. அவர் பெயர் ஆபிரகாம் வால்ட். புள்ளிவிவர சாஸ்திரம் பயிலும் மாணவர் அவர் பெயரைப் பாடப் புத்தகங்களிற் காண்பர். அவர் உயிர்நீத்த இடம் நம் தமிழ் நாட்டு மலையென்பதை அறிந்தவர் மிகச் சிலரே. ஆதலின் அவர் சரித்திரத்தை ஈண்டுச் சுருக்கி எழுதத் துணிந்தோம்.

வால்ட் 1902 அக்டோபர் 31 ஆம் நாள் கொலோஷ்வார் என்னும் நகரிற் பிறந்தார். அந்நகரம் அப்போது ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசைச் சேர்ந்திருந்தது. முதல் உலக யுத்தத்தின் பின் ருமேனியாவுக்கு உரியதாயிற்று. இக்காலத்தில் குளூஜ் எனப்படுவது அதுவே. அவர் குடும்பம் யூத சமயத்தில் ஆழ்ந்த பற்றுடையது. பாட்டனார் சமய குரு. தந்தையார் யூத ஆசாரத்திற்கேற்ப ரொட்டி சுடும் தொழிலினர். அந்நாட்டுப் பள்ளிக்கூடங்கள் சனிக்கிழமையும் நடைபெற்றன. சனிக்கிழமையோ யூதர்க்கு ஓய்வு நாள். ஆதலாற் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாது வீட்டிலேயே கற்பித்தனர். பள்ளிக்கூடம் செல்லாத சிறுவனே பிற்காலத்தில் ஒரு சாஸ்திரத்திற்குத் தலைவனானான். வீட்டுப் படிப்பினாலேயே தேர்வுகளில் தேறி, தம் ஊர்ச் சர்வகலாசாலையிற் கணிதம் பயின்று 1928 இற் பட்டம் பெற்றார்.

அக்காலத்தில் வியன்னா மாநகரம் கணித வல்லார்க்கு ஒரு புண்ணிய க்ஷேத்திரம் போல விளங்கிற்று. வால்ட் அங்குச் சென்று காரல் மெங்கர் என்னும் பேராசிரியரை அடுத்தார். மிகச் சில பாடங்களுக்கே வருகை தந்து, 1931 இல் டாக்டர் பட்டம் பெற்றுவிட்டார். ஆயினும் யூதராகவும் அயல்நாட்டினராகவும் இருந்தமையின் சர்வகலாசாலைப் பதவி அவருக்குக் கிட்டவில்லை. கல்வியிற் குறை கூறற்கில்லாத ஒருவர் பிறப்பினாலேயே வாயிலில் நிறுத்தப்பட்டார். வயிற்றுப் பிழைப்பிற்கு வழி காட்டியவர் பொருளாதார அறிஞராகிய ஆஸ்கர் மோர்கன்ஸ்டெர்ன். வாணிபத்தின் ஏற்றத்தாழ்வுகளை ஆராயும் நிலையமொன்றில் வால்டுக்கு வேலை கிடைத்தது. கார்ல் ஷ்லெசிங்கர் என்னும் வங்கியாளர்க்குக் கணிதம் கற்பிக்கும் வேலையும் உடன் சேர்ந்தது. இவ்வாறு பிழைப்புக்காகப் புகுந்த துறையிலும் அவர் சும்மா இருக்கவில்லை. சந்தையிற் பல பொருள்களுக்கும் ஒருங்கே விலைகள் அமைதல் கணித முறைப்படி கூடுமோ என்னும் கேள்விக்கு, கூடும் என்று முதன்முதல் ஐயமற நிறுவிக் காட்டினார்.

1938 மார்ச்சு மாதத்தில் ஹிட்லரின் படை வியன்னாவிற் புகுந்தது. அன்றே ஷ்லெசிங்கர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். வால்ட் வேலையினின்று நீக்கப்பட்டார். நல்லூழாக அமெரிக்காவிலிருந்து ஓர் ஆராய்ச்சிக் கழகம் அவரை அழைத்திருந்தது. அவ்வாண்டிலேயே கடல் கடந்து, பின் நியூயார்க்கிலுள்ள கொலம்பியா சர்வகலாசாலையை அடைந்தார். அங்கு ஹாரல்டு ஹோட்டலிங் என்னும் பேராசிரியர் அவரை ஆதரித்தார். வால்ட் தப்பினார், ஊரில் விட்டு வந்த பெற்றோரும் உடன்பிறந்தாரிற் பெரும்பாலோரும் நாஜிகளின் கொலைக் களத்தில் மாண்டனர். சகோதரர் ஒருவரே எஞ்சி, யுத்தத்தின் பின் அமெரிக்கா வந்து சேர்ந்தார். இத்துயரம் வால்டின் எழுத்துக்களில் எங்கும் வெளிப்படவில்லை. அவர் எழுதியவை குறியீடுகளும் சமன்பாடுகளுமே. 1941 இல் லூசில் லாங் என்னும் மாதரை மணந்தார். அவர்கட்கு ஒரு பெண்ணும் ஓர் ஆணும் பிறந்தனர்.

யுத்தம் அமெரிக்காவை எட்டியபோது, படைத்துறையின் வினாக்களுக்குக் கணித வழியில் விடை காண்பதற்காகக் கொலம்பியாவில் ஒரு புள்ளிவிவரக் குழு அமைக்கப்பட்டது. அதன் தலைவர் ஆலன் வாலிஸ். பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்ற மில்டன் பிரீட்மனும் அதிலிருந்தார். வால்டும் சேர்க்கப்பட்டார். ஆயினும் சட்டப்படி அவர் பகை நாட்டினர். அவர் ஒரு தாளை எழுதி முடித்தவுடன், அதனை வாசிக்க அவருக்கு உரிமையில்லை யென்று காரியதரிசிகள் கையினின்று பறித்துக்கொள்வர் என்பது அக்குழுவினர் தமக்குள் வழங்கிய வேடிக்கை.

அங்கு அவர் செய்த பெரும்பணி இரண்டு. முதலாவது, தொடர்முறைச் சோதனை. 1943 இற் கடற்படை அதிகாரி ஒருவர் வாலிஸிடம் ஒரு குறை கூறினார்: புதிய குண்டுகளைச் சோதிக்கும்போது, இத்தனை சுட்டுப் பார்த்த பின்னரே முடிவு கூறவேண்டுமென்று சாஸ்திரம் விதிக்கிறது, அனுபவமுள்ளவனுக்கோ முதற் சில குண்டுகளிலேயே நன்மை தீமை விளங்கிவிடுகிறதே யென்பது. இதனை நம்மூர் வழக்கில் வைத்து நோக்குவோம். பெரம்பலூர்ச் சந்தைக்கு ஐம்பது மூட்டைச் சின்ன வெங்காயம் வருகிறது. வாங்குவோன் ஒரு மூட்டையை அவிழ்க்கிறான், பாதி அழுகல். இரண்டாவதிலும் அதுவே; மூன்றாவதிலும் அதுவே. நாற்பத்தேழு மூட்டைகளையும் அவிழ்த்த பின்னரே வேண்டாமென்பேன் என்று எந்த வியாபாரியாவது கூறுவானோ? ஆனால் எத்தனையாவது மூட்டையில் நிறுத்தலாம், நிறுத்தினால் எவ்வளவு பிழை நேரும் என்பதைக் கணக்கிட்டுக் கூற அதுவரை யாராலும் இயலவில்லை. வாலிஸும் பிரீட்மனும் இவ்வினாவை வால்டிடம் கொண்டு சென்றனர். அவர் முதலில் ஐயுற்றார். ஓரிரு நாட்கள் கழித்து, அத்தகைய சோதனை இயலுமென்று தொலைபேசியிற் கூறினார். அம்முறையாற் சோதனைக்குரிய பண்டங்களிற் பல சமயங்களிற் பாதியளவு மிச்சமாயிற்று. யுத்தம் முடியுமட்டும் அது மறைபொருளாய் வைக்கப்பட்டு, 1947 இல் நூலாக வெளிவந்தது.

இரண்டாவது பணி விமானங்களைப் பற்றியது. வால்டின் பெயர் இக்காலத்துப் பொதுமக்களிடையே பரவியது இதனாலேயே. குண்டு வீசச் சென்ற விமானங்கள் பகைவர் சுட்ட துளைகளுடன் திரும்பின. எவ்விடத்தில் துளைகள் மிகுதியோ அவ்விடத்திற்குக் கவசம் இடலாமென்பது எளிதிற் றோன்றும் எண்ணம். வால்ட் நோக்கியதோ மற்றொன்றை. துளைகளை எண்ணுகின்றோமே, அவை யாவும் திரும்பி வந்த விமானங்களிலுள்ளவை. அத்துளைகள் பட்டும் விமானம் வந்து சேர்ந்தது என்பதன்றோ பொருள்? எந்த இடத்திற் பட்டால் விமானம் வாராதோ, அந்த இடத்துத் துளை நம் கண்ணிற் படவே படாது.

இக்கதையைச் சொல்வோர் பலர் ஒரு விமானப் படத்தை வரைந்து, சிவப்புப் புள்ளிகளை இட்டு, சேனாதிபதிகள் அறிவிழந்து நிற்க வால்ட் எழுந்து அவர்களைத் திருத்தியதாக நாடகம் போலக் கூறுவர். அவர் 1943 இல் எழுதிய எட்டுக் குறிப்புக்களில் அத்தகைய படமும் இல்லை, வாதமும் இல்லை. உள்ளது கணக்கே, அக்கணக்கே நமக்கு நாடகத்தினும் சுவை மிக்கதாகத் தோன்றுகிறது. விளக்கத்திற்காக அவர் எடுத்துக்கொண்ட எண்களைப் பாருங்கள். 400 விமானங்கள் போருக்குச் சென்றன. 320 விமானங்கள் ஒரு குண்டும் படாமல் மீண்டன. ஒரு குண்டு பட்டு மீண்டவை 32; இரண்டு பட்டவை 20; மூன்று பட்டவை 4; நான்கு பட்டவை 2; ஐந்து பட்டவை 2. ஆக 380. எஞ்சிய 20 திரும்பவில்லை. அவ்விருபதின்மீது எத்தனை குண்டுகள் பட்டன என்பதை அறிந்தவர் இறந்துவிட்டனர். ஆயினும், குண்டு படாத விமானம் வீழாது என்றும், ஒவ்வொரு குண்டும் விமானத்தை வீழ்த்தும் வாய்ப்பு ஒரே அளவினது என்றும் கொண்டால், திரும்பியவற்றின் தொகைகளிலிருந்தே அவ்வாய்ப்பைக் கணிக்கலாம். விடை, ஒரு குண்டுக்குப் பிழைக்கும் வாய்ப்பு 0.851; அதாவது நூறு குண்டுகளில் ஏறக்குறையப் பதினைந்து, ஒவ்வொன்றும் ஒரு விமானத்தை வீழ்த்தும். திரும்பிய விமானங்களிற் கண்ட துளைகளை மட்டும் கூட்டினால் 102 வரும். அவற்றுள் ஒன்றேனும் எந்த விமானத்தையும் வீழ்த்தவில்லை. அவற்றை மட்டுமே பார்த்திருப்பவன் குண்டுகளால் தீங்கில்லை யென்றே முடிவு செய்வான்.

பின்னும் நுணுகி, எஞ்சின், உடற்பகுதி, எண்ணெய்க் குழாய்கள் முதலிய ஒவ்வோர் உறுப்புக்கும் அவ்வாறே கணக்கிடும் வழியையும் அவர் வகுத்தார். அவர் காட்டிய உதாரணத்தில் எஞ்சினே எல்லாவற்றினும் மெலிந்த இடமாக முடிந்தது.

யுத்தத்தின் பின் 1946 இற் கொலம்பியாவில் கணிதப் புள்ளிவிவரத்திற்கெனத் தனிப் பகுதி ஏற்பட்டபோது வால்டே அதன் தலைவரானார். முடிவு செய்தல் என்னும் மனிதச் செய்கை முழுவதையும் ஒரே கணித அமைப்புக்குள் அடக்க அவர் முயன்றார். அதன் பயனாகிய பெருநூல் 1950 இல் வெளிவந்தது. இதனை விரிக்க இவ்விதழில் இடமில்லை. விரித்தாலும் கணிதம் கல்லாதார்க்கு அது பயன் தாராது. பாடஞ் சொல்வதில் அவர் தெளிவுக்குப் பேர் பெற்றவர். சார்ல்ஸ் ஸ்டைன் முதலிய பேரறிஞர் அவரிடம் பயின்றனர்.

அதே ஆண்டின் இறுதியில், இந்திய அரசாங்கத்தின் அழைப்பை ஏற்று, மனைவியாருடன் இந்நாடு வந்தார். நம் நாடு விடுதலை பெற்று மூன்றாண்டே ஆகியிருந்தது. கல்கத்தாவிற் பேராசிரியர் மஹலனோபிஸ் நிறுவிய புள்ளிவிவரக் கழகம் உலகப் புகழ் அடைந்து வந்த காலம் அது. பல இடங்களிற் சொற்பொழிவு ஆற்றுவதாக ஏற்பாடு. அப்பிரயாணத்திடையேதான் டிசம்பர் 13 ஆம் நாள் வந்தது.

கோத்தகிரிக்கு வடகிழக்கே, மலை சமவெளியை நோக்கிச் செங்குத்தாக இறங்கும் ஓரத்தில், இரங்கசாமி கொடுமுடி உளது. அதன் உயரம் 5800 அடிக்கு மேல். அதனருகே ஒற்றைத் தூண்போல் ஏறக்குறைய 400 அடி நிமிர்ந்து நிற்கும் பாறைக்கு இரங்கசாமித் தூண் என்று பெயர். இருளர் முதலிய மலைவாணர்க்கு அது புனிதமான இடம். விமானம் மோதியது அத்தூணின் அருகே. விமானம் எவ்விடத்திலிருக்கிற தென்று கணித்ததில் நேர்ந்த பிழையே காரணமெனப் பதிவாயிற்று.

இப்பிழை எங்ஙனம் நேர்கிறது என்பதைச் சிறிது விளக்குவோம். பெரம்பலூரினின்று மேற்கே நோக்குவோர்க்குப் பச்சைமலை தெரியும். மார்கழிக் காலையில் நம் தலைக்கு மேல் வானம் வெளுத்திருக்க, மலையின் உச்சி மட்டும் மேகத்துள் மறைந்திருப்பதைக் கண்டிருப்பீர். ஈரக்காற்று மலைச்சரிவில் மோதி மேலேறுகையிற் குளிர்ந்து மேகமாகின்றது. ஆகவே மேகம் மலையைத் தேடி வந்து உட்காருகின்ற தெனலாம். நீலகிரியின் கீழ்ச்சரிவுக்கு ஐப்பசி முதல் மார்கழி வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். விமானியைப் பொறுத்தவரை, எங்கே மேகமோ அங்கே பாறையும் உளது.

டக்கோட்டா இரண்டு எஞ்சின்களையுடைய சிறு விமானம். யுத்தத்தில் ஆயிரக்கணக்காகச் செய்யப்பட்டுப் பின் பிரயாணிகளுக்கென மாற்றப்பட்டவை பல. உட்புறத்திற் காற்றழுத்தத்தை நிலைநிறுத்தும் வசதி அதற்கு இல்லாமையால், மலைக்கு மிக உயரே பறந்து செல்வது வழக்கமன்று. திசைகாட்டி, கடிகாரம், வேகம் ஆகிய மூன்றையும் கொண்டு இருக்குமிடத்தைக் கணித்துச் செல்வதே அக்காலத்துப் பெருவழக்கு. மணிக்கு 150 மைல் வேகம் என்று நினைத்து ஒரு மணி நேரம் பறப்பவனை, அவனறியாத எதிர்க்காற்று 20 மைல் வேகத்துடன் தடுக்குமாயின், அவன் கணக்கிட்ட இடத்திற்கு 20 மைல் பின்தங்கியிருப்பான். சமவெளியில் இஃது ஒரு தாமதமே. நடுவில் மலையிருந்தால், மலையைக் கடந்துவிட்டோமென்று எண்ணி அதன் முன்னேயே இறங்கத் தொடங்குவான். உயரங்காட்டும் கருவியும் அவனைக் காவாது. அது காற்றழுத்தத்தைக் கொண்டு கடல் மட்டத்திற்கு மேலுள்ள உயரத்தைக் காட்டுவதன்றிக் காலடியிலுள்ள பாறைக்கும் தனக்கும் இடையிலுள்ள தூரத்தைக் காட்டுவதன்று. அழுத்தம் பாதரசத்தில் ஓரங்குலம் மாறினால் அதன் முள் 1000 அடியளவு பொய் கூறும். மலையின் மறைவுப் புறத்திற் கீழ்நோக்கிப் பாயும் காற்று வேறு. சிறு விமானத்தின் எஞ்சின் ஏற முயன்றாலும் அக்காற்று அதனை அமிழ்த்திவிடும். ஒடுங்கிய பள்ளத்தாக்கிற் புகுந்தவனுக்குத் திரும்பிக்கொள்ளவும் இடமிராது.

இவ்வகை விபத்தில் விமானம் பழுதுற்றிருப்பதில்லை, எஞ்சின் ஓடிக்கொண்டேயிருக்கும், விமானியும் தன் வசத்தில் வைத்தே செலுத்துவான். வால்ட் இறப்பதற்கு நாற்பது நாள் முன், நவம்பர் 3 ஆம் நாள், அதே ஏர் இந்தியாவின் மலபார் பிரின்சஸ் என்னும் பெருவிமானம் ஐரோப்பாவின் மோன் பிளாங் மலையில் மோதி 48 பேர் மாண்டனர். 1966 ஜனவரி 24 இல் ஏறத்தாழ அதே இடத்திற் காஞ்சன்ஜங்கா என்னும் விமானம் மோதிற்று. விஞ்ஞானி ஹோமி பாபா உட்பட 117 பேர் இறந்தனர். மலையைக் கடந்துவிட்டதாக விமானி கொண்ட எண்ணமே அங்கும் காரணம். 1974 டிசம்பர் 4 இல் இலங்கையின் மலைநாட்டில், தமிழ்த் தொழிலாளர் வாழும் மஸ்கெலியாப் பக்கத்துச் சப்த கன்னியர் மலையில், ஹஜ் யாத்திரிகரை ஏற்றிவந்த விமானம் மோதி 191 பேர் மடிந்தனர். விமான நிலையம் எவ்வளவு தூரத்திலுள்ளதென்று தவறாக அறிந்து தாழ்ந்து பறந்ததே காரணம். நிலம் நெருங்குவதை ஒலித்து அறிவிக்கும் கருவியைப் பெரிய பிரயாணி விமானங்களில் வைக்கவேண்டுமென அமெரிக்கா விதித்ததும் அவ்வாண்டிலேதான். அதன் பின் பெரிய விமானங்கட்கு இவ்வகை விபத்துக்கள் மிகக் குறைந்தன. மலைநாட்டுச் சிறு விமானங்கட்கும் ஹெலிகாப்டர்களுக்கும் குறை தீர்ந்தபாடில்லை.

ஏன் தீரவில்லை? இங்குதான் வால்டின் கணக்கு மீண்டும் வருகிறது. மலைநாட்டில் விமானம் ஓட்டுவோர் வழியைக் கற்பது பெரும்பாலும் ஒருவரிடமிருந்து ஒருவர் கேட்டு. மேகம் தாழ்ந்திருந்தும் அக்கணவாய் வழியே நுழைந்து வந்துவிட்டேன் என்று ஒருவர் கூறுவார். மற்றவரும் அதனையே கூறுவார். இவர்கள் பொய்யரல்லர். ஆனால் இவர்கள் யாவரும் திரும்பி வந்த விமானங்கள். இவர்தம் அனுபவங்கள் அந்த 102 துளைகள். அவ்வாறு நுழையும் ஒவ்வொரு முறையும் நூற்றில் ஒரு பங்கு உயிரபாயம் உண்டென்று வைத்துக்கொள்வோம். நூறு விமானிகள் தலைக்கு நூறு முறை நுழைந்தால், ஏறக்குறைய 37 பேர் உயிரோடிருப்பர். அம்முப்பத்தெழுவரும், நூறு முறை சென்றும் ஒன்றும் நேரவில்லை யென்று சத்தியமாகவே சொல்வர். இளைஞனொருவன் அறிவுரை கேட்கச் செல்வது அவர்களிடமே. மற்ற அறுபத்துமூவரிடம் கேட்க வழியில்லை. அனுபவம் மிகுந்த விமானி மலையில் மாண்டான் என்று கேட்டு வியப்போர், அனுபவமே அவனைத் துணிவித்திருக்கலாம் என்பதை எண்ணுவதில்லை.

2022 மே 29 இல் நேபாளத்தில் போக்கராவினின்று ஜோம்சோம் சென்ற சிறு விமானமொன்று மேகத்தினிடையே மலையில் மோதி 22 பேர் இறந்தனர். நிலம் நெருங்குவதை அறிவிக்கும் கருவி அதில் இருந்தது. ஆனால் அஃது அடக்கி வைக்கப்பட்டிருந்ததென விசாரணையிற் கண்டனர். ஒடுங்கிய பள்ளத்தாக்குக்களில் நாள்தோறும் பறப்பவனுக்கு அக்கருவி நாள்தோறும் கூச்சலிடும். நாள்தோறும் அவன் பத்திரமாக இறங்குவான். ஆகவே கூச்சல் தொல்லையாகத் தோன்றுவது இயல்பே. அத்தொல்லையைப் பொறுத்துக்கொள்ளச் சொல்வது எளிதுமன்று.

நம் நீலகிரியிலேயே 2021 டிசம்பர் 8 இற் சூலூரினின்று வெலிங்டன் நோக்கிச் சென்ற இராணுவ ஹெலிகாப்டர் குன்னூரருகே வீழ்ந்தது. முப்படைத் தலைவர் பிபின் ராவத் அவர்களும் அவர் மனைவியாரும் உட்பட, பின்னர் மருத்துவமனையில் இறந்தவர் ஒருவரையும் கூட்டிப் பதினால்வர் உயிரிழந்தனர். பள்ளத்தாக்கில் வானிலை எதிர்பாராது மாறியமையால் மேகத்துள் நுழைந்து, திசையும் நிலையும் உணரும் ஆற்றல் விமானிக்குத் தடுமாறியதென விசாரணைக் குழு கூறிற்று. மேகத்துள் அடிவானம் மறைந்தால், நம் செவியினுள் உள்ள சமநிலை உறுப்பு சாய்வை நேரென்றும் நேரைச் சாய்வென்றும் காட்டும். கருவிகளை நம்பாது உடலை நம்பினவன் தவறுவான். எழுபத்தோராண்டு இடையிட்டு, அதே மலையில், அதே மார்கழியை ஒட்டிய பருவத்தில், ஏறத்தாழ அதே வகையான முடிவு. வால்டின் விமானத்தில் மோதலுக்கு முன் விமானி என்ன கண்டார், என்ன எண்ணினார் என்பதைப் பதிந்து வைக்கும் கருவி அக்காலத்து டக்கோட்டாக்களில் இல்லை. இருபதாம் விமானம், இருபத்தொன்றாம் விமானம் என்று அவர் தம் ஏட்டில் எண்ணியிருக்கக்கூடிய ஒன்றாக அது போயிற்று.

வால்ட் இறந்தபோது அவருக்கு வயது 48. அமெரிக்காவில் விடப்பட்டிருந்த இரு குழந்தைகளும் ஒரே நாளில் தாய் தந்தையரை இழந்தனர். மகனுக்கு அப்போது வயது மூன்று. அம்மகன் ராபர்ட் வால்ட் பின்னர்ச் சிகாகோ சர்வகலாசாலையில் பௌதிகப் பேராசிரியராகி, ஐன்ஸ்டீனின் பொதுச் சார்பியற் கொள்கையில் வல்லுநரெனப் பெயர் பெற்றார். தந்தையின் ஆராய்ச்சிகளைப் பற்றி மெங்கர், வுல்போவிட்ஸ் முதலிய நண்பர்கள் எழுதிய கட்டுரைகள் 1952 இற் கணிதப் புள்ளிவிவர இதழொன்றில் வெளிவந்தன. விமானங்களைப் பற்றிய எட்டுக் குறிப்புக்களோ, அமெரிக்கக் கடற்படையின் ஆராய்ச்சி நிலையத்தார் 1980 இல் அவற்றை மறுபடி வெளியிடுமளவும் பொதுமக்கள் கண்ணிற் படவில்லை.

கோத்தகிரி செல்லும் நம் மாணவர், வானம் தெளிந்த நாளிற் கோடநாட்டுப் பக்கத்து மலையோரத்தில் நின்று வடக்கும் கிழக்கும் நோக்கின், இரங்கசாமித் தூணைக் காணலாம். மேகம் மூடிய நாளில் அவ்விடத்தில் ஒன்றுமே யில்லாதது போலத் தோன்றும்.